சர்க்கஸ் கம்பெனி படுத்தது எதனால்? பெரியப்பாவுக்கும் என் மகனுக்கும் சண்டை

தமுக்கம் பாண்டி கேட்டது:

வணக்கம். ஒரு வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைக்க ஆள் தேடுகிறேன்.

என் பெரியப்பாவுக்கு இப்போது 83 வயது. 18 வயதில், மதுரை தமுக்கம் மைதானத்தில் கூடாரம் போட்டிருந்த ஒரு சர்க்கஸோடு வீட்டில் சொல்லாமல் கிளம்பிப் போனவர். பேண்டில் டிரம் அடித்தார். 1992ல் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தார். இடது காது கேட்காது, அந்தப் பக்கம் 30 வருஷம் ஒரு டிரம்பெட்காரர் உட்கார்ந்திருந்தாராம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசி மூன்று மாதச் சம்பளம் பாக்கி, இன்றுவரை வரவில்லை. ஆனால் முதலாளியைப் பற்றி யாரையும் ஒரு வார்த்தை தப்பாகப் பேச விடமாட்டார்.

போன வாரம் சாப்பிடும்போது பேச்சு வந்தது. "புலியைப் பிடித்துக்கொண்டு போனான், அதோடு சர்க்கஸ் முடிந்தது" என்றார் பெரியப்பா. என் மகன், கல்லூரியில் படிக்கிறவன், "அதெல்லாம் இல்லை தாத்தா, டிவி வந்ததும் முடிந்தது" என்றான். இரண்டு பேரும் சோற்றில் கை வைத்தபடியே அரைமணி நேரம் கத்தினார்கள்.

எனக்கு இடிப்பது ஒன்றுதான். பெரியப்பா ஊர் திரும்பியது 1992ல். அப்போது புலி, சிங்கம் எல்லாம் கூடாரத்தில்தான் இருந்தன. நானே அதற்கப்புறம் என் மகளைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். புலி இருக்கும்போதே இவருக்குச் சம்பளம் நின்றது எப்படி? கம்பெனிக்குள் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். செய்தித்தாளில் வருகிற "அழிந்துவரும் கலை" வகைப் பதில் வேண்டாம், அதை நானே படித்துவிட்டேன்.

---

பழம்பேப்பர்:

பாண்டி, உங்கள் பெரியப்பாவின் முதலாளி கேரளத்துத் தலச்சேரிக்காரராக இருந்திருப்பார். பந்தயம் கட்டத் தயார்.

இந்தியாவில் சர்க்கஸை முதலில் தொடங்கியவர் மராட்டியர், விஷ்ணுபந்த் சத்ரே. குருந்த்வாட் சமஸ்தானத்தில் குதிரைப் பயிற்சியாளராக இருந்தவர். பம்பாய்க்கு வந்த இத்தாலியரான சியாரினியின் சர்க்கஸைப் பார்த்துவிட்டு, 1880 மார்ச் 20ம் தேதி தன்னுடைய முதல் காட்சியை நடத்தினார். அவருடைய கம்பெனி தலச்சேரிக்குப் போனபோது அங்கே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற களரி ஆசான் இருந்தார். பாசல் மிஷன் பள்ளியில் உடற்பயிற்சி வாத்தியார். அவர் 1901ல் தலச்சேரிப் பக்கத்துச் சிறக்கரையில் சர்க்கஸுக்கு என்றே ஒரு பயிற்சிக் கூடம் திறந்தார். அதில் படித்த பரியாலி கண்ணன் 1904ல் கிராண்ட் மலபார் சர்க்கஸைத் தொடங்கினார். அப்புறம் அந்த ஒரு சிறிய ஊரிலிருந்து வரிசையாகக் கம்பெனிகள் கிளம்பின. மாமன், மச்சான், சிஷ்யன், சிஷ்யனின் தம்பி என்று எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஜெமினி சங்கரன். இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பார் விளையாட்டுக்காரர் ஆனவர். 1951ல் நொடித்துக் கிடந்த விஜயா சர்க்கஸை நண்பர் சகதேவனோடு சேர்ந்து 6,000 ரூபாய்க்கு வாங்கினார். தன்னுடைய ராசி மிதுனம் என்பதால் ஜெமினி என்று பெயர் வைத்தார். முதல் காட்சி அதே ஆண்டு ஆகஸ்ட் 15ம் தேதி, குஜராத்தில் பிலிமோரா என்ற ஊரில். 1977ல் ஜம்போ சர்க்கஸையும் தொடங்கினார். 2023ல் இறந்தார், நூறை எட்டிப் பிடிக்கிற வயது. அவருக்குப் பிறகு மகன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஆக, குடும்பம் நடத்திய எல்லாக் கம்பெனியும் படுத்துவிடவில்லை. எது நின்றது, எது விழுந்தது என்று பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் வரும். அது எனக்குப் பேப்பரில் கிடைக்கவில்லை.

---

கூடாரத்துக்காரி:

தம்பி பாண்டி, கைப்பேசியில் ஒரு விரலால் தட்டுகிறேன். நீண்டு போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது கேம்பில், 1962ல். அப்பா விருதுநகர்ப் பக்கத்து ஆள், கம்பெனியில் எலக்ட்ரீஷியன். அம்மா தலச்சேரி, கம்பி மேல் நடப்பவர். ஏழு வயதில் என்னைச் சைக்கிளில் ஏற்றினார்கள். 24 வயதில் முழங்கால் போனது. அப்புறம் டிக்கெட் கவுண்டர், அப்புறம் கணக்குப் புத்தகம். 2002ல் இறங்கிவிட்டேன். கம்பெனி பெயர் வேண்டாம், அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் நல்லபடியாக இருக்கிறார்கள்.

உங்கள் பெரியப்பா சொல்வதும் மகன் சொல்வதும் பொய் இல்லை. ஆனால் இரண்டுமே பின்னால் வந்தவை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் முதலாளியும் பார் விளையாட்டுக்காரர்தான். அவர் கம்பெனி தொடங்கும்போது இருந்தது ஒற்றைக் கம்பக் கூடாரமும், வீட்டு ஆட்களும். அவர் பாரில் சுற்றுவார். அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவோம், அவர் கயிற்றில் ஆடுவார். மைத்துனர் நாய்களையும் ஆடுகளையும் வைத்து ஒரு ஐட்டம் செய்வார். தம்பி பப்ளிசிட்டி. பதினைந்து நாள் முன்னாலேயே அடுத்த ஊருக்குப் போய் மைதானம் பேசி, சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டி வைத்திருப்பார். நிகழ்ச்சியில் 20 ஐட்டம் என்றால் பதினொன்றில் ரத்த உறவு யாராவது நிற்பார்கள். வசூல் இல்லாத கேம்பில் வெளியாட்களுக்குச் சம்பளம் உண்டு, குடும்பத்துக்குக் கிடையாது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, அப்படித்தான் நடந்தது. அந்த ஏற்பாடு இருந்ததால்தான் ஒவ்வொரு மழைக்காலத்தையும் தாண்டினோம்.

மழை என்று ஏன் சொல்கிறேன் என்றால், சர்க்கஸ்காரர்களுக்குப் புலியைவிட மழைதான் பயம். கித்தான் நனைந்தால் கனம் இரட்டிப்பாகும். மண் இளகி முளைக்குச்சி ஒவ்வொன்றாகக் கிளம்பும். ராத்திரி இரண்டு மணிக்கு ஜோக்கர், ரிங் மாஸ்டர், சமையல்காரர் எல்லோரும் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்போம். சரி, காட்சியே இல்லை, கூடாரத்தைப் பிரித்துக் கிளம்பலாமே என்பீர்கள். முடியாது. ஈரக் கித்தானைச் சுருட்டினால் பூஞ்சை பிடித்து அழுகிவிடும். அது காயும்வரை அங்கேயே இருக்க வேண்டும். மைதான வாடகை ஓடும். யானை தின்னும். 200 பேர் மூன்று வேளை சாப்பிட வேண்டும். டிக்கெட் மட்டும் கிடையாது. இப்படி ஒரு மூன்று வாரம் போனால் முந்தைய இரண்டு கேம்பின் லாபம் போய்விடும்.

அப்போது முதலாளி மெஸ் வாசலில் உட்கார்ந்து தன் தட்டில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சாப்பிடுவார். எங்களுக்குக் கஞ்சி என்றால் அவருக்கும் கஞ்சி. உங்கள் பெரியப்பா ஏன் முதலாளியை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார் என்று எனக்குப் புரிகிறது.

இப்போது இறக்கம். அது கவுண்டரில் உட்கார்ந்தவளுக்கு முதலில் தெரிந்தது. கம்பெனி நன்றாக ஓடத் தொடங்கியதும் முதலாளி இரண்டு பையன்களையும் மலைப்பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார். "என் எலும்பு முறிந்தது போதும்" என்றார். யார் குறை சொல்ல முடியும்? எந்த அப்பாவும் அதைத்தான் சொல்வார். பையன்கள் லீவுக்கு வருவார்கள், முதல் வகுப்பு நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்கள், போய்விடுவார்கள். தங்கமான பிள்ளைகள். ஆனால் ரிங்கில் மரத்தூளை மிதித்தவர்கள் இல்லை. முதலாளியின் மனைவி கயிற்றை விட்டதும் அந்த இடத்துக்குச் சம்பளத்துக்கு ஒரு ஆள். முதலாளி பாரை விட்டதும் சம்பளத்துக்கு நாலு ஆள். 1985 வாக்கில் அதே 20 ஐட்டத்தில் குடும்பத்து ஆள் நின்றது ஒன்றே ஒன்றில், அதுவும் நாய் ஐட்டம். ஜனங்களுக்கு இது தெரியாது. அவர்களுக்கு அதே சர்க்கஸ், இன்னும் பெரிய சர்க்கஸ். என் கணக்குப் புத்தகத்தில்தான் தெரியும். முன்பு மழை வந்தால் குடும்பம் தாங்கியதை இப்போது கூலிக்காரர்கள் தாங்க வேண்டும். அதற்குப் பெயர்தான் சம்பள பாக்கி. உங்கள் பெரியப்பாவின் மூன்று மாதம் எங்கே போனது என்று கேட்டீர்களே, இங்கேதான் போயிருக்கும்.

நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். 1981 பிப்ரவரி 7, பெங்களூரில் வீனஸ் சர்க்கஸ் கூடாரத்தில் தீப்பிடித்து 92 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். நாங்கள் வேறு மாநிலத்தில் இருந்தோம். மறுநாள் காலையில் அப்பா காபிகூடக் குடிக்காமல் எங்கள் கூடாரத்தின் ஒவ்வொரு ஒயரையும் கழற்றிப் பார்த்தார். அன்று மாலைக் காட்சிக்கு வந்தவர்கள் வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் கேலரிக்குப் போனார்கள். அப்புறம் போகிற ஊரிலெல்லாம் கெடுபிடி. வாசல் கூட்டு, ஒயரை மாற்று, தண்ணீர்த் தொட்டி வை. வாசல் ஒன்று கூடினால் கேலரியில் ஒரு வரிசை போகும். இளைய முதலாளி அதை நஷ்டக் கணக்கில் எழுதச் சொன்னார். அப்பா அன்று கம்பெனியில் முதல் தடவையாகக் குரல் உயர்த்திப் பேசினார்.

டிவியைப் பற்றி உங்கள் மகன் சொன்னது என் புத்தகத்தில் கிழமையாகவே தெரியும். வெள்ளிக்கிழமை ராத்திரிப் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம். அந்த இரண்டு காட்சிதான் முதலில் படுத்தது. மற்ற நாளில் கூட்டம் வந்தது. அதை மட்டும் வைத்துக் கம்பெனி படுத்திருக்காது, வாரத்துக்கு இரண்டு காட்சி போனது, அவ்வளவுதான்.

1989ல் முதலாளி போனார். காரியம் முடிந்த பதினாறாம் நாள் பாகப் பிரிவினை. பெயர் மூத்தவருக்கு, கூடாரம் இளையவருக்கு. இப்படி ஒரு பிரிவினையை யார் யோசித்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. மூத்தவரிடம் ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர் இருந்தது, கூடாரம் வாடகைக்கு. இளையவரிடம் நல்ல கூடாரம் இருந்தது, வாசலில் யாருக்கும் தெரியாத புதுப் பெயர். ஆட்களையும் பிரித்தார்கள். ட்ரபீஸில், அதாவது அந்தர ஊஞ்சலில், பிடிக்கிறவர் மூத்தவர் பக்கம், பறக்கிற பெண்கள் இளையவர் பக்கம். பதினொரு வருஷம் ஒருவர் கையை ஒருவர் பிடித்தவர்கள். புதிதாக ஒருவரைப் பழக்கி எடுக்க எட்டு மாதம் ஆனது, அதுவரை பறக்கும் ஐட்டம் இரண்டு கம்பெனியிலும் கிடையாது. சர்க்கஸின் கடைசி ஐட்டம் அது. அதுதான் ஜனங்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்வது.

நான் இளையவர் பக்கம் போனேன். அப்பா கூடாரத்தோடுதான் போவேன் என்றுவிட்டார்.

புலிக்கு வருகிறேன். மத்திய அரசின் முதல் உத்தரவு 1991லேயே வந்தது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள், இழுத்தார்கள். 1998ல் மறுபடி உத்தரவு. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம், ஐந்தையும் ஆட்டக் கூடாது, பழக்கவும் கூடாது. 2000ல் கேரள உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2001ல் உச்ச நீதிமன்றமும். வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் கவுண்டரில் ஒரே கேள்விதான். "புலி இருக்கா?" இல்லை என்றால் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நூற்றுக்கு எத்தனை பேர் என்று எண்ணவில்லை, எண்ண மனம் வரவில்லை. ஆக, உங்கள் பெரியப்பாவும் சரி. ஆனால் அந்த அடி விழுந்தபோது கம்பெனி ஏற்கெனவே படுக்கையில் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பழைய ஆட்கள் என்னைத் திட்டலாம். அந்த உத்தரவு சரி. கூண்டுக்குப் பத்தடி தள்ளித்தான் என் படுக்கை. ராத்திரி முழுக்கப் புலி நாலு எட்டு போகும், திரும்பும், நாலு எட்டு வரும். எனக்கு அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஏன் தூங்கவில்லை என்று நான் யோசித்தது நாற்பது வயதில்.

குழந்தைகள் விஷயமும் அப்படித்தான். 2011ல் உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் குழந்தைகளை வைக்கக் கூடாது என்றது. நானும் குழந்தையாக ஏறினவள்தான், ஆனால் கீழே என் அம்மா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பின்னாளில் நேபாளத்திலிருந்தும் எங்கிருந்தெல்லாமோ கூட்டி வந்த பிள்ளைகளுக்குக் கீழே யார் நின்றார்கள்? வீட்டுப் பிள்ளைகள் ரிங்கை விட்டுப் போனதால்தான் அந்தப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். தீர்ப்பு இன்னும் இருபது வருஷம் முன்னால் வந்திருக்கலாம்.

விரல் வலிக்கிறது. மீதி அப்புறம்.

---

சின்னச்சாமி:

அம்மா, ஒரே ஒரு சந்தேகம். ராத்திரி வானத்தில் வெளிச்சம் சுற்றுமே, எங்கள் ஊர் எட்டு மைல் தள்ளி, அங்கிருந்தே தெரியும். அதைப் பார்த்துத்தான் "சர்க்கஸ் வந்தாச்சு" என்போம். அது எப்படிச் சுற்றும்? ஆள் சுற்றுவாரா?

---

கூடாரத்துக்காரி:

சின்னச்சாமி, அது என் அப்பாவின் விளக்கு! எங்களிடம் இருந்தது பழைய பட்டாளத்து சாமான், ஆள்தான் சுற்ற வேண்டும். உள்ளே இரண்டு கார்பன் குச்சிகள் நுனியோடு நுனி நின்று எரியும். எரிய எரியக் குச்சி தேயும், இடைவெளி கூடினால் அணைந்துவிடும். அதனால் ஒரு கையால் குச்சியை நகர்த்திக்கொண்டே இன்னொரு கையால் விளக்கைத் திருப்ப வேண்டும். நேரே பார்த்தால் கண் போய்விடும். அப்பா வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்பார். எட்டு மைல் தள்ளி ஒரு பையன் பார்த்தான் என்று தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

---

திருச்சி ராகவன்:

கூடாரத்துக்காரி அம்மா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஆனால் ஒரு மறுப்பு உண்டு. குடும்பம் ரிங்கை விட்டு இறங்கியதுதான் காரணம் என்றால் அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸ் எப்படி அவ்வளவு நாள் ஓடியது?

விஸ்கான்சின் மாநிலத்தில் பாராபூ என்ற ஊரில் 1884ல் ஐந்து சகோதரர்கள் தொடங்கியது. ஆரம்பத்தில் அவர்களே வாத்தியம் வாசித்து, அவர்களே வித்தை காட்டினார்கள், நீங்கள் சொல்கிற மாதிரியேதான். 1907ல் பார்னம் அண்ட் பெய்லி என்ற பெரும் போட்டிக் கம்பெனியையே வாங்கினார்கள், 1919ல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். 1944ல் ஹார்ட்ஃபோர்ட் நகரில் கூடாரத்தில் தீ, 160க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கித்தானில் தண்ணீர் இறங்காமல் இருக்க மெழுகையும் பெட்ரோலையும் கலந்து பூசியிருந்தார்கள், தீ அதில் பரவியது. 1956ல் கூடாரத்தையே விட்டுவிட்டுக் கூரை போட்ட அரங்கங்களுக்குப் போனார்கள். 1967ல் குடும்பம் கம்பெனியை விற்றது. வாங்கியது ஃபெல்ட் என்ற இன்னொரு குடும்பம், அது இன்னும் 50 வருஷம் ஓட்டியது. 2016 மே மாதம் யானைகளை ஓய்வுக்கு அனுப்பினார்கள். டிக்கெட் விற்பனை சடசடவென்று விழுந்தது, ஒரே வருஷத்தில், 2017 மே 21, கடைசிக் காட்சி. 2023ல் விலங்கு ஒன்றும் இல்லாமல் மறுபடி தொடங்கினார்கள்.

ஆக, அங்கே குடும்பம் இறங்கிய பிறகும் கம்பெனி நின்றது. யானை போனதும்தான் விழுந்தது. பெரியப்பா கட்சிக்கு என் ஓட்டு.

---

கூடாரத்துக்காரி:

ராகவன் தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. அவர்கள் 1956ல் கூடாரத்தை விட்டார்கள். எங்களுக்கு ஈரக் கித்தானும் மைதான வாடகையும் கடைசி நாள்வரை இருந்தன. ஊருக்கு ஊர் கூரை போட்ட அரங்கம் எங்களுக்கு யார் வைத்திருந்தார்கள்? மைதானமே கிடைக்கவில்லை. நான் சின்னப் பெண்ணாக ஆடிய மைதானங்களில் பாதி இன்று பேருந்து நிலையம், மீதி வணிக வளாகம். மிச்சமிருக்கிற இடத்துக்குக் காவல்துறை, தீயணைப்பு, மின்வாரியம், மாநகராட்சி என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டும். அதற்கென்றே சம்பளத்துக்கு ஒரு ஆள். முதலில் அது முதலாளியின் தம்பி செய்த வேலை, கூலி இல்லாமல்.

மற்றபடி யானையைப் பற்றி நீங்கள் சொன்னது சரியாக இருக்கலாம். நான் பார்த்தது ஒரு கம்பெனி.

ஒரு விஷயம் விட்டுப்போனது. கம்பெனியை விட்டு வந்த பிறகு நானும் வீட்டுக்காரரும் வண்டலூர் போனோம். எங்கள் சிங்கங்களில் இரண்டு அங்கே இருப்பதாக யாரோ சொன்னார்கள். சர்க்கஸிலிருந்து வந்தவற்றை வைத்திருக்கும் மீட்பு மையம் தனி, உள்ளே விடவில்லை. வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றோம். அவர் வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல் கொடுத்தார். காவலாளி வந்து சத்தம் போடாதீர்கள் என்றார். சரி என்று வெளியே வந்து தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டல் சாப்பிட்டோம்.

---

தமுக்கம் பாண்டி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இந்த முழுவதையும் பெரியப்பாவின் வலது காதுப் பக்கம் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். பாகப் பிரிவினை வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். ஒன்றும் சொல்லாமல் தகரப் பெட்டியைத் திறந்து இரண்டு டிரம் குச்சிகளை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அப்புறம் மேலே படி என்றார்.

முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான், அம்மா. உங்கள் சைக்கிள் ஐட்டத்தில் கடைசியாக ஏறுகிற குட்டிப் பெண்ணுக்கு டிரம் உருட்டலை எப்போது நிறுத்துவார்கள்? மேலே ஏறி நின்றதுமா, கையை விரித்ததுமா? கம்பெனிக்குக் கம்பெனி மாறுமாம். மகன் வேறு, "தாத்தா, டிவி என்று நான் சொன்னதும் பாதி சரிதானே" என்று குறுக்கே வந்தான். தாத்தா காது கேட்காத பக்கத்தைத் திருப்பிக்கொண்டார்.

---

கூடாரத்துக்காரி:

ஏறி நின்றதும் நிறுத்த மாட்டார்கள், கையை விரித்ததும் நிறுத்த மாட்டார்கள். எங்கள் கம்பெனியில் நான் டிரம்காரரைத் திரும்பிப் பார்க்க வேண்டும், பார்த்ததும்தான் நிறுத்துவார். சின்னப் பிள்ளை, பயத்தில் கையை விரித்துவிடும், ஆனால் கால் நிலைத்திருக்காது, அதனால் கண்ணைப் பார்க்காமல் நிறுத்தாதே என்று என் அம்மா அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். டிரம்காரர் மதுரை ஆள் என்று ஞாபகம். பெயர் ஞாபகமில்லை, நாங்கள் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம்.

தம்பி, 1974 அல்லது 75ல் கம்பெனி தமுக்கத்தில் மூன்று வாரம் மழையில் மாட்டிக்கொண்டது. மெஸ்ஸில் விறகு நனைந்து, பக்கத்துத் தெருவில் யார் வீட்டிலிருந்தோ ஒருத்தர் இரண்டு மூட்டை காய்ந்த விறகு கொண்டுவந்து போட்டார். டிரம்கார மாமாவின் தம்பி என்று சொன்னார்கள். உங்கள் அப்பா விறகு கொண்டுபோய்ப் போட்டாரா என்று பெரியப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். வலது காதுப் பக்கம் உட்கார்ந்து கேளுங்கள்.